பாங்காக்கில் மூன்று இரவு: எந்தப் பகுதியில் தங்குவது?

பாங்காக்குக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடு தொடங்குகிறார்கள். ஹோட்டலைக் கடைசியில், விலையை மட்டும் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். மூன்று இரவு, நான்கு பகல் என்று போகிறவர் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பட்டியலில் பெரிய குழப்பம் ஒன்றும் இல்லை. அரண்மனை, இரண்டு மூன்று புத்த ஆலயங்கள், ஆறு, ஒரு சந்தை, கொஞ்சம் கடைவீதி, சைனா டவுனான யாவரட்டில் ஒரு இரவுச் சாப்பாடு என்று யார் எழுதினாலும் அதுதான் வரும். அதில் பாதியாவது உருப்படியாக நடக்குமா என்பது நீங்கள் எங்கே தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

காரணம் போக்குவரத்து. இந்த நகரத்தின் பிரதான சாலைகள் அகலமானவைதான். ஆனால் அவற்றிலிருந்து பிரியும் 'சோய்' எனப்படும் கிளைத்தெருக்களில் பல மறுமுனையில் அடைபட்டவை. பக்கத்துத் தெருவுக்குப் போகவும் பிரதான சாலைக்கு வந்துதான் திரும்ப வேண்டும். எனவே எல்லா வண்டிகளும் அந்தச் சில சாலைகளிலேயே வந்து குவிகின்றன. மாலை ஐந்து மணிக்கு மேல் நான்கு கிலோமீட்டரைக் கடக்க டாக்சியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது அங்கே யாருக்கும் செய்தி ஆகாது. தப்பிக்க மூன்று வழிகள் இருக்கின்றன: 1999 டிசம்பரில் ஓடத் தொடங்கிய பிடிஎஸ் வான்ரயில், 2004-இல் வந்த எம்ஆர்டி சுரங்க ரயில், ஆற்றிலும் கால்வாயிலும் ஓடும் படகுகள். ஹோட்டல் விளம்பரத்தில் 'அரண்மனையிலிருந்து 3 கி.மீ.' என்று போட்டிருந்தால் அதைப் பொருட்படுத்தாதீர்கள். ரயில் நிலையத்துக்கோ படகுத்துறைக்கோ எத்தனை நிமிட நடை என்று மட்டும் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் என்றால் அந்தப் புழுக்கத்தில் நடக்க மாட்டீர்கள்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஐந்து பகுதிகளைப் பார்க்கலாம்.

பிரதுநாம், சயாம்

தமிழ்நாட்டிலிருந்து பேக்கேஜில் போகிறவர்களில் பலர் இறக்கிவிடப்படும் இடம் பிரதுநாம். அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து வரும் ரயிலின் ராட்சபிராரோப் நிலையம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. மொத்த விலைத் துணிக்கடைகள் நிறைந்த பிளாட்டினம் மால் அங்கேதான் இருக்கிறது. இந்தியச் சாப்பாடு தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது. அறை வாடகையும் குறைவு. பையில் இடம் விட்டுக்கொண்டு துணி வாங்கப் போகிறவர் இந்தக் கட்டுரையை இத்துடன் நிறுத்திவிட்டு அங்கேயே பதிவு செய்யலாம்.

மற்றவர்களுக்கு அந்த இடம் சோர்வு தரும். மாலையில் அந்த நாற்சந்தி தீபாவளிக்கு முந்தைய வாரத்துத் தியாகராய நகரைப் போல இருக்கும். வான்ரயில் நிலையமும் வாசலில் இல்லை. சிட்லோம் வரை நடக்க வேண்டும். ஆறுதல், சென்செப் கால்வாய்ப் படகு. சாலை நின்றுகொண்டிருக்கும்போது இது அதன் கீழே சீறிக்கொண்டு பழைய நகரத்தை நோக்கிப் போகும். எதிரே இன்னொரு படகு வந்தால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கயிற்றை இழுத்து பிளாஸ்டிக் திரையை உயர்த்துவார்கள். கால்வாய்த் தண்ணீர் கறுப்பு. ஆகவே கயிறு உங்கள் பக்கம் இருந்தால் வேடிக்கை பார்க்காமல் இழுக்க வேண்டும்.

சற்றுத் தெற்கே இருக்கும் சயாம் இதைவிடச் சுகமானது, வாடகையும் அதற்கேற்ப அதிகம். வான்ரயிலின் இரண்டு தடங்களும் சந்திக்கும் நிலையம் அது. பெரிய மால்கள் அதைச் சுற்றி இருக்கின்றன. குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு வெயில், மழை, கழிப்பறை மூன்று கவலையும் இங்கே குறையும். ராட்சபிரசோங் சந்திப்பில் 1956-இல் நிறுவப்பட்ட எரவான் சன்னதி இருக்கிறது. நம் ஊரில் பிரம்மாவுக்குக் கோயில் தேடி அலைய வேண்டும். இங்கே நான்முகன் நாற்சந்தி மூலையில் வீற்றிருக்கிறார். வேண்டுதல் பலித்தவர்கள் காசு கொடுத்து அவருக்கு முன்னால் நடனம் ஆடவைக்கிறார்கள். மேலே ரயில் ஓடிக்கொண்டிருக்கும்.

சுகும்வித்

வெளிநாட்டவர் அதிகம் தங்கும் நீண்ட சாலை இது. ஒற்றைப்படை எண் சோய்கள் ஒரு பக்கமும் இரட்டைப்படை எதிர்ப்பக்கமும் இருக்கும்; 11-க்கு எதிரே 12 இருக்கும் என்று நம்பி நடக்காதீர்கள். அசோக் என்ற இடத்தில் வான்ரயிலும் சுரங்க ரயிலும் குறுக்கிடுகின்றன. அங்கே இருக்கும் டெர்மினல் 21 மாலின் மேல்தளத்து உணவுக்கூடம், நகரத்தில் குளிரூட்டப்பட்ட இடத்தில் மலிவாகச் சாப்பிடக் கிடைக்கும் இடங்களில் ஒன்று. நாநா நிலையத்தைச் சுற்றி இந்திய, அரபு உணவகங்கள் இருக்கின்றன.

நாநாவிலும் அசோக்கை ஒட்டிய சோய் கவ்பாயிலும் இரவு வியாபாரம் எப்படிப்பட்டது என்பதை ஹோட்டல் தளங்கள் சொல்வதில்லை. ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் பெற்றோரையோ பிள்ளைகளையோ அழைத்துக்கொண்டு இரவு பத்து மணிக்கு அந்த வழியாக அறைக்குத் திரும்புவது சங்கடம். குடும்பமாகப் போனால் பிரோம்போங் பக்கம் தள்ளிப் பாருங்கள். பழைய நகரம் தொலைவு என்று முன்பு சுகும்வித்தைக் குறை சொல்வார்கள். 2019-இல் சுரங்க ரயில் சனாம் சாய் வரை நீட்டப்பட்ட பிறகு அந்தக் குறையில் பாதி போய்விட்டது. வண்டி மாறாமல் அரை மணி நேரத்தில் வாட் போ ஆலயத்துக்கு அருகே போய் இறங்கலாம். இருந்தாலும் முதல் பயணத்துக்கு எனக்கு இந்தப் பகுதி பிடிப்பதில்லை. எந்தப் பெருநகரத்திலும் இருக்கக்கூடிய தெரு இது. ஆறு கண்ணிலேயே படாது.

பழைய நகரம்

முதலாம் ராமா 1782-இல் தலைநகரை நிறுவிய ரத்தனகோசின் பகுதியும் அதன் வடக்கே இருக்கும் காவ் சான் சாலையும் சேர்ந்தது இது. அரண்மனை காலை 8.30-க்குத் திறக்கிறது. பேருந்துக் கூட்டம் வந்து சேர்வதற்கு முன்னால் நடந்தே போய் வாசலில் நிற்கலாம் என்பதுதான் இங்கே தங்குவதன் ஒரே பெரிய லாபம். அது சிறிய லாபம் இல்லை. அரண்மனை வளாகத்துக்குள் இருக்கும் மரகத புத்தர் ஆலயத்தின் பிராகாரச் சுவர் நெடுக, தாய்லாந்தின் ராமாயணமான ராமகியன் 178 ஓவியங்களாக விரிகிறது. பத்து மணிக்கு மேல் அதன் முன்னால் நின்று பார்க்க இடம் கிடைக்காது. கம்பன் வழியாக ராமாயணம் அறிந்தவருக்கு அங்கே வேலை நிறைய உண்டு. அவர்களுடைய அனுமார் பிரம்மச்சாரி இல்லை. பாலம் கட்டப் போன இடத்தில் ராவணனின் மகளான மச்சகன்னியைக் காதலிக்கிறார். இதை ஒரு மணி நேரமாவது நிதானமாகப் பார்க்க வேண்டும். நுழைவுச் சீட்டு 500 பாட். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

இதே வட்டாரத்தில் வாட் சுதாட் ஆலயத்தின் முன்னால் சிவப்பு நிறத்தில் ஒரு ராட்சத ஊஞ்சல் சட்டம் நிற்கிறது. ஒரு சடங்கின் பகுதியாக அதில் நடந்த ஊஞ்சலாட்டம் 1935-இல் நிறுத்தப்பட்டது. அருகில் இருக்கும் தேவஸ்தானத்தில் அரசவைப் பிராமணர்கள் அந்தச் சடங்கின் மற்ற பகுதிகளை இன்றும் ஆண்டுதோறும் நடத்துகிறார்கள். மார்கழியில் நாம் பாடும் திருவெம்பாவையின் பெயர்தான் அந்தச் சடங்குக்கு. உச்சரிப்பு உருமாறிப்போயிருக்கிறது. பயண நிறுவனங்கள் தமிழர்களை இங்கே அழைத்துப் போவதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

ஆனால் இங்கே தங்குவதற்கு விலை உண்டு. காவ் சானுக்கு அருகே ரயில் இல்லை. பிரா ஆர்தித் படகுத்துறை இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் வழக்கமான படகு நின்றுவிடும். அதன்பிறகு கடைவீதிக்கோ யாவரட்டுக்கோ போக டாக்சியோடும், நம் ஊர் ஆட்டோவைப் போன்ற டுக்டுக்கோடும் பேரம். காவ் சானில் இரவெல்லாம் சத்தம். அதைத் தாண்டினால் எட்டு மணிக்கே கதவடைத்த தெருக்கள். தனியாக, முதுகுப்பையோடு, பழமையின்மேல் ஆசையோடு போகும் இளைஞருக்கு இது சரி.

சீலோம், சாத்தோன், ஆற்றங்கரை

நான் முதல்முறை போகிறவர்களுக்குச் சொல்வது இந்தப் பகுதியைத்தான். குறிப்பாகச் சொன்னால் சுராசக், சபான் தாக்சின் என்ற இரண்டு வான்ரயில் நிலையங்களுக்கு நடுவில். ரயிலும் ஆறும் ஒரே இடத்தில் கைக்கு எட்டுவது இங்கேதான். சபான் தாக்சின் படிக்கட்டில் இறங்கினால் சாத்தோன் படகுத்துறை.

துறையில் முதலில் உங்களை மறிப்பவர்கள் சுற்றுலாப் படகுக்கு நாள் சீட்டு விற்பவர்கள். அவர்களைத் தாண்டி ஆரஞ்சுக் கொடி கட்டிய படகுக்கு நில்லுங்கள். கட்டணம் 16 பாட்தான்; ஊர்க்காரர்கள் போவதும் அதில்தான். படகு துறையை நெருங்கும்போது பின்பக்கம் நிற்கும் ஆள் விசிலடித்தே ஓட்டுநருக்கு வழி சொல்வார்: நீளமாக ஒன்று, குட்டையாக நாலு, பிறகு கயிறு முளையில் விழும். முழுதாக நிற்பதற்குள் ஆட்கள் ஏறி இறங்கிவிடுவார்கள். நடத்துநர் அம்மாள் நீளமான தகரக் குழாயைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டு வருவார். அதற்குள்தான் சில்லறையும் சீட்டும். வாட் போவுக்கு தா தியென் துறை, அரண்மனைக்கு தா சாங். தா தியெனிலிருந்து சில பாட் கொடுத்து எதிர்க்கரைக்குப் போனால் வாட் அருண். பீங்கான் துண்டுகள் பதித்த அதன் கோபுரத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். உடைந்த தட்டின் பூவேலைப்பாடு கோபுரத்தில் இதழாகியிருப்பது தெரியும். வாட் போவில் 46 மீட்டர் நீளப் பள்ளிகொண்ட புத்தர் இருக்கிறார். ஆக அரண்மனை, வாட் போ, வாட் அருண் மூன்றும் ஒரே பகலில், ஒரே படகு வழியில் முடிந்துவிடும்.

படகில் போவதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. அரண்மனையைச் சுற்றியுள்ள சாலைகளில் நல்ல உடை உடுத்திய ஒருவர் வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்கு மலிவாக டுக்டுக் பிடித்துத் தருகிறேன்" என்று பரிவோடு சொல்வார். அந்த டுக்டுக் ரத்தினக் கடையில் போய் நிற்கும். பல பத்தாண்டுகளாக நடக்கும் பழைய வித்தை இது. யார் என்ன சொன்னாலும் டிக்கெட் கவுன்ட்டர் வரை நடந்து போய்ப் பாருங்கள்.

மாலையில் திரும்பினால் சீலோம் சாலை. பான் தெரு முனையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்து குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. கோபுரம் நம்முடையது, பூசை நம்முடையது. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். வெளியே தாம்பாளத்தில் தேங்காய், வாழைப்பழம், சாமந்தி மாலை அடுக்கி விற்கிறார்கள். உள்ளே படம் எடுக்கக்கூடாது. நவராத்திரி முடிவில் சாமி ஊர்வலத்துக்காகச் சீலோம் சாலையையே அடைத்துவிடுவார்கள். லும்பினி பூங்காவும் இதே சாலையின் மறுமுனையில்தான். காலையில் அங்கே நடக்கப் போனால் ஆளுயர உடும்புகள் குளத்திலிருந்து ஏறி வந்து வழியில் படுத்திருக்கும். அவை ஒன்றும் செய்யாது.

குறை இல்லாமல் இல்லை. ஆற்றைப் பார்த்த பெரிய ஹோட்டல்கள் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. ஆனால் 1860-களில் போடப்பட்ட சரோன் குருங் சாலையிலும் அதன் கிளைத்தெருக்களிலும் சிறிய விடுதிகள் கிடைக்கின்றன. தேடித்தான் பிடிக்க வேண்டும். துணி வாங்க ரயிலேற வேண்டும். பாட்போங் இரவுக் கடைத்தெரு சீலோமின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. நாநாவுக்குச் சொன்னது அதற்கும் பொருந்தும். அதனால்தான் மேற்கே, ஆற்றுப் பக்கம் என்று சொன்னேன்.

யாவரட்

ஐந்தாவது பகுதியான சைனா டவுன் யாவரட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாட் மங்கோன் சுரங்க ரயில் நிலையம் 2019-இல் திறந்த பிறகு இங்கே தங்குவது எளிதாகிவிட்டது. சாப்பாட்டுக்காகவே ஊர் சுற்றுகிறவருக்கு, அதுவும் மீன், பன்றி, வாத்து எல்லாம் சாப்பிடுகிறவருக்கு, இதைவிட நல்ல முகவரி இல்லை. சைவர்களுக்கு இரவு முழுக்க அந்த வாசனை கஷ்டமாக இருக்கும். ஐந்தரை டன் தங்க புத்தர் இருக்கும் வாட் திரைமித் இங்கேதான். மேலே பூசியிருந்த சுதை 1955-இல் சிலையை இடம் மாற்றும்போது உடைந்த பிறகே உள்ளே தங்கம் என்று தெரிந்தது.

மூன்றாவது நாள்: அயுத்தயாவா, பட்டாயாவா?

அடுத்த முடிவு இது. நம் ஊர் பேக்கேஜ்களில் பாங்காக்கோடு பட்டாயா ஒட்டியே வரும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். கடல் பார்க்க வேண்டும் என்றால் பட்டாயா நகரக் கடற்கரை ஏமாற்றும். தண்ணீர் தெளிவாக இருக்க அங்கிருந்து படகேறி கோ லான் தீவுக்குப் போக வேண்டும். ஒரு நாளில் அதையும் சேர்த்துச் செய்தால் பார்த்தது பேருந்து ஜன்னலாகத்தான் இருக்கும். கடல் வேண்டுமானால் அதற்கென்று தனிப் பயணம் போடுங்கள். பேக்கேஜ்காரர் இரண்டு இரவு பட்டாயா, ஒரு இரவு பாங்காக் என்று கொடுத்தால் அது பாங்காக் பயணமே இல்லை.

டாம்னோன் சதுவாக் மிதவைச் சந்தை நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. படம் அழகாக வரும். அங்கே இப்போது வியாபாரம் பயணிகளை நம்பித்தான். பார்த்தே ஆக வேண்டும் என்றால், கடைக்காரர்கள் குடையை மடக்கிக் காய்கறியை இழுத்துக்கொள்ள நடுவில் ரயில் புகுந்து போகும் மேக்லாங் சந்தையையும் சேர்த்துப் பாருங்கள். பலரும் இரண்டையும் ஒன்றாகவே போய் வருகிறார்கள்.

என் வாக்கு அயுத்தயாவுக்கு. 1350 முதல் 1767-இல் பர்மியப் படை கொளுத்தும் வரை தலைநகராக இருந்த ஊர். வடக்கே சுமார் 80 கி.மீ. மூன்றாம் வகுப்பு ரயிலில் 20 பாட் அளவில் போய்விடலாம். மின்விசிறி, திறந்த ஜன்னல், கூடையில் சாப்பாடு விற்கும் பெண்கள் என்று ரயில் பயணமே பாதிச் சுற்றுலா. ஊரில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். வாட் மகாதாட்டில் அரசமர வேர்கள் சுற்றிப் பிடித்துக்கொண்ட புத்தர் தலையை எல்லோரும் படம் எடுப்பார்கள். அதன் முன் குனிந்தோ உட்கார்ந்தோதான் எடுக்க வேண்டும். புத்தரின் தலைக்கு மேல் நம் தலை உயரக்கூடாது என்பது அங்கே மரியாதை. நிழல் குறைவு. காலை ஏழு மணி வாக்கில் கிளம்பி, மதியத்துக்குள் இடிபாடுகளைப் பார்த்துவிடுங்கள். சிறு குழந்தைகளோடு ஏப்ரல் மாதத்தில் போகிறவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். அவர்கள் நகரத்திலேயே இருக்கட்டும்.

சாப்பாடு, பணம், காகிதம்

சைவர்களுக்கு மீன்சாறுதான் பிரச்சினை. காய்கறி மட்டும் போடச் சொன்னாலும் அது விழுந்துவிடும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று எழுதிய கடைகளைத் தேடுங்கள். அங்கே இறைச்சி, மீன், முட்டையோடு வெங்காயம், பூண்டும் கிடையாது.

டாக்சி எடுத்தால் மீட்டர் போடச் சொல்லுங்கள். 35 பாட்டில் தொடங்கும். மறுத்தால் இறங்கிவிடுங்கள், அல்லது கிராப், போல்ட் செயலிகளில் அழையுங்கள். வான்ரயிலுக்கும் சுரங்க ரயிலுக்கும் டிக்கெட் தனித்தனி. தாய்லாந்துக்குள் நுழைய 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத் தளத்தைப் பார்ப்பது நல்லது.

விமானம் எங்கே இறங்குகிறது என்பதையும் கவனியுங்கள். நகரத்துக்கு இரண்டு விமான நிலையங்கள். சுவர்ணபூமியில் இறங்கினால் ரயிலில் பயா தாய் வரை 45 பாட், அரை மணி நேரம். அங்கே வான்ரயிலுக்கு மாறி சயாமில் எதிர்ப் பிளாட்பாரத்தில் ஏறினால் சபான் தாக்சின். மலிவுக் கட்டண விமானங்கள் பல டான் முவாங்கில் இறங்குகின்றன. அங்கிருந்து சிவப்புத் தட ரயில் உண்டு. அது நகரின் வடபகுதியில் நின்றுவிடும், பிறகு சுரங்க ரயிலுக்கு மாற வேண்டும். பெட்டி கனமாக இருந்தால் டாக்சியே மேல்.

எந்த மாதம், எந்தக் கிழமை

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சுகம். செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். நம் பள்ளி விடுமுறை அங்கே கொடுமையான வெயில் காலம். சித்திரைப் பிறப்பை ஒட்டி ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான். ஊரே தண்ணீர் பீய்ச்சி விளையாடும். சீலோம் சாலையும் காவ் சானும் அதன் மையங்கள். நனையப் பிடித்தவர்களுக்கு அதைப் போல ஒன்று கிடையாது. கோயில் பார்க்கப் போகிறவர் அந்த மூன்று நாட்களைத் தவிர்க்க வேண்டும்.

கிழமையை யாரும் யோசிப்பதில்லை. சதுசாக் பெருஞ்சந்தை முழுதாக இயங்குவது சனி, ஞாயிறு மட்டும். அரண்மனையில் வார இறுதியில் கூட்டம் அதிகம். யாவரட்டின் நடைபாதைக் கடைகள் பல திங்களன்று இருக்காது. ஆகவே வியாழன் இரவு நம் ஊரில் விமானம் ஏறி வெள்ளி விடியலில் இறங்குவது நல்ல கணக்கு. அறை மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டு, குளித்த கையோடு போக முடியாவிட்டாலும், முதல் படகில் அரண்மனைக்குப் போய்விடுங்கள். சனி காலை சதுசாக், இரவு யாவரட். ஞாயிறு அயுத்தயா. திங்கள் மிச்சம் இருக்கும் கடைவீதியையும் மாரியம்மனையும் பார்த்துவிட்டு இரவு விமானம் பிடிக்கலாம். மாலை நெரிசலுக்கு முன்னால், நான்கு மணிக்குள் விமான நிலைய ரயிலில் ஏறிவிட வேண்டும்.